டை பெனட்ரன்ட் கிட்: மூன்று கேன்களில் விரிசல் தேடல்

கிளீனர், விரிசலுக்குள் இறங்கும் சிவப்புச் சாயமான பெனட்ரன்ட், அதை வெளியே இழுத்துக் காட்டும் வெள்ளை டெவலப்பர். பிளான்ட்டில் ஒரு ஷாஃப்டோ வெல்டோ சந்தேகத்தைக் கிளப்பினால் முதலில் எடுக்க வேண்டியது இந்தத் தொகுப்பைத்தான். கரண்ட் வேண்டாம், பெரிய கருவி வேண்டாம். ஆனால் மேற்பரப்பில் வாய் திறந்த விரிசலை மட்டுமே காட்டும். உள்ளே புதைந்திருப்பதற்கு அல்ட்ராசோனிக் (மீயொலி) சோதனைதான் வழி.

பெனட்ரன்ட் அடித்துக் குறைந்தது 10 நிமிடம் ஊற விடுங்கள். மயிரிழை விரிசல் என்றால் இன்னும் கூடுதலாக. பலரும் கோட்டைவிடுவது துடைக்கும் இடத்தில். கிளீனரை நேரே பாகத்தின் மேல் அடித்தால், விரிசலுக்குள் இறங்கிய சாயமும் கழுவிக்கொண்டு போய்விடும். நூல் உதிராத துணியில் தெளித்துத் துடையுங்கள். டெவலப்பர் கேனை உள்ளே குண்டு உருளும் சத்தம் கேட்கும்வரை குலுக்கி, மெல்லிய படலமாக அடிக்க வேண்டும். கெட்டியாகப் படிந்தால் நுண்விரிசல் அதற்கடியிலேயே மறைந்துவிடும்.

கீவே (ஷாஃப்டில் சாவி பொருந்தும் பள்ளம்) மூலையில் ஒற்றைச் சிவப்புக் கோடு கசிந்து எழுந்தால் ஃபெட்டீக்கை, அதாவது திரும்பத் திரும்ப வரும் சுமையால் உலோகம் சோர்வதை, சந்தேகியுங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் கிளை கிளையாகப் பிரிந்தால் ஸ்ட்ரெஸ் கரோஷன் (இழுவிசையும் அரிப்பும் சேர்ந்து உண்டாக்கும் விரிசல்). அந்த உலோகத்துக்குக் குளோரின், கந்தகம் குறைந்த ரகத்தை லேபிள் பார்த்து வாங்குங்கள்.

ஷாட் பிளாஸ்ட் (சிறு உலோகக் குண்டுகளை வேகமாக அடித்துச் சுத்தம்) செய்த பரப்பில் விரிசலின் வாய் அடைபட்டிருக்கும், நம்ப வேண்டாம். பாகம் முறிந்த முகத்தில் மட்டும் இதை அடிக்கவே கூடாது: லேபுக்குப் போகுமுன் அங்கிருக்கும் படிவுகள்தான் எதனால் உடைந்தது என்பதற்குச் சாட்சி.