டாலர் குறியும் எஃப்4 விசையும்: நெடுநாள் பயன்பாட்டில் கண்டவை

எக்செலில் எஃப்4 விசையைப் பலரும் ஒரு செல்லை முழுதாகப் பூட்டுவதற்கு, அதாவது ஃபார்முலாவை வேறிடத்துக்கு நகலெடுத்தாலும் அந்தச் செல்லின் குறிப்பு மாறாமல் நிறுத்துவதற்கு மட்டுமே பயன்படுத்துகிறார்கள். பல ஆண்டுகளாக அன்றாடம் அதைப் பயன்படுத்திவரும் எனக்கோ, அதன் அருமை பாதி பூட்டுவதில்தான், அதாவது வரிசையை மட்டுமோ நெடுவரிசையை மட்டுமோ நிறுத்துவதில்தான் இருக்கிறது என்று தோன்றுகிறது.

ஃபார்முலாவில் பி1 செல்லைத் தேர்ந்தெடுத்து எஃப்4ஐ ஒருமுறை அழுத்தினால் அது $பி$1 ஆகும்; டாலர் குறியை அடுத்து வரும் பகுதி பூட்டப்பட்டது என்று பொருள். அடுத்தடுத்து அழுத்த பி$1, $பி1 என்று மாறி, நான்காம் முறை பழைய பி1 வந்துவிடும். இடப்பக்கம் அசல் தொகைகளும் மேல்வரிசையில் வட்டி விகிதங்களும் உள்ள அட்டவணையில், ஏ2-க்கு மூன்று முறையும் பி1-க்கு இரண்டு முறையும் அழுத்தி =$ஏ2*பி$1 என்று அமைத்துவிட்டால், அந்த ஒரே ஃபார்முலாவை வலப்புறமும் கீழ்ப்புறமும் இழுத்து முழு அட்டவணையையும் நிரப்பிவிடலாம். டாலர் குறியைக் கையால் தட்டச்சு செய்பவர்கள் இந்த இடத்தில்தான் பெரும்பாலும் தடுமாறுகிறார்கள்.

செல் தொகுப்புகளில் சற்றுக் கவனம் தேவை. மவுஸால் புதிதாகத் தேர்ந்த தொகுப்பின் இரு முனைகளும் ஒன்றாகப் பூட்டப்படும். ஏற்கெனவே எழுதிய ஃபார்முலாவைத் திருத்தும்போதோ, கர்சர் நிற்கும் முனை மட்டுமே மாறும். இரண்டும் மாற வேண்டுமானால் தொகுப்பு முழுவதையும் கறுப்படித்துக்கொள்ள வேண்டும். தொடர் கூட்டுத்தொகைக்கு $சி$2:சி2 என்று ஒரு முனையை மட்டும் நிறுத்தும்போது இதே குணம் கைகொடுக்கிறது.

எஃப்2 அழுத்தித் திருத்தும் நிலைக்குள் போகாமல் எஃப்4ஐத் தட்டினால், எக்செல் கடைசியாகச் செய்த செயலைத் திரும்பச் செய்யும். சற்றுமுன் ஒரு செல்லுக்கு மஞ்சள் நிறம் கொடுத்திருந்தால், இந்தச் செல்லும் மஞ்சளாகிவிடும்.

பல மடிக்கணினிகளில் எஃப்4 வேறு வேலைக்கு ஒதுக்கப்பட்டிருப்பதால், எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டியிருப்பது உண்மையிலேயே எரிச்சலூட்டுகிறது. மேக் கணினியின் எக்செலில் கமாண்ட்+டி (T) இதே வேலையைச் செய்கிறது. கூகுள் ஷீட்ஸிலும் எஃப்4 உண்டு. விசைப்பலகை தமிழில் இருக்கும்போதும், அம்புக்குறிகளால் செல்லைத் தேர்ந்து எஃப்4ஐ அழுத்தினால் போதும், ஆங்கிலத்துக்கு மாறத் தேவையில்லை.

ஒரே வரி விகிதத்தைப் பல தாள்களிலிருந்து எடுத்தாள வேண்டிய கோப்புகளில் மட்டும் நான் இந்த விசையை நாடுவதில்லை. அந்தச் செல்லுக்குப் பெயர்ப் பெட்டியில் (ஃபார்முலா பட்டைக்கு இடப்புறம் உள்ள சிறு பெட்டி) ஒரு பெயர் கொடுத்துவிட்டால், அது தானாகவே முழுதும் பூட்டப்பட்ட குறிப்பாக இருக்கும். ஃபார்முலாவைப் பின்னர் படிப்பவருக்கும் அது எளிதில் விளங்கும்.