ஹாயெக்கா, கெயின்ஸா?

டெல்லி ராஜேந்தர் நகரில் குடிமைப்பணித் தேர்வுக்குப் படிக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் பொருளாதார மந்தத்தை யாரை வைத்து விளக்குவது என்று தடுமாறுகிறார்கள். ஆஸ்திரியப் பொருளியல் மரபைச் சேர்ந்த ஹாயெக், பிரிட்டிஷ் பொருளியலாளர் கெயின்ஸ் இருவரையும் ஒரே கேள்விகளில் நிறுத்திப் பார்க்கலாம்.

ஏன் வருகிறது?
ஆஸ்திரியச் சிந்தனை: 1912-இல் பொருளியலாளர் மீசஸ் விதைத்து, ஹாயெக் வளர்த்தது. மக்கள் கூடுதலாகச் சேமிக்கவில்லை. ஆனாலும் வங்கிக் கடன் பெருகி வட்டி குறைகிறது. சேமிப்பு நிறைய இருப்பதாக நம்பி, பலன் தரப் பல வருடம் பிடிக்கும் திட்டங்களில் பணம் இறங்குகிறது. வட்டி ஏறியதும் அவற்றை முடிக்க வளம் போதவில்லை. பாதியில் நிற்கும் அடுக்குமாடியை நினைத்துக்கொள்ளுங்கள், சட்டெனப் புரியும்.
கெயின்ஸ்: செலவும் முதலீடும் சுருங்கி, மொத்தத் தேவை விழுகிறது.

மருந்து?
ஆஸ்திரியம்: தவறான முதலீடுகள் கழியட்டும்.
கெயின்ஸ்: அரசு செலவிடட்டும்.

வலி?
இங்கே ஆஸ்திரியம் பலவீனம்தான். 1930-களின் பணச்சுருக்கத்தை (பணப்புழக்கமும் விலைகளும் சுருங்கியதை) தடுத்திருக்க வேண்டும் என்று ஹாயெக்கே பின்னாளில் ஒப்புக்கொண்டார்.

வளர்ச்சி?
ஆஸ்திரியத்துக்குச் சேமிப்பே வேர். கெயின்ஸ் குறுகிய காலத்தையே அதிகம் பார்த்தார்.

சரி, எதை எடுப்பது? மந்தத்துக்கு முந்தைய கடன் வீக்கம் எப்படி உருவானது என்று கேட்டால் ஹாயெக். வேலையிழப்பு பெருகிய பின் என்ன செய்வது என்றால், என் கணிப்பில் கெயின்ஸ். 2020 மே மாதம் ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை (வங்கிகளுக்கு அது கடன் தரும் வட்டியை) 4 சதவீதமாகக் குறைத்தது பற்றிக் கேள்வி வந்தால் இருவரையும் எழுதுங்கள்: கெயின்ஸ் வழியில் அது முதலுதவி, ஹாயெக் வழியில், அந்த மலிவுக் கடன் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதே முதல் கேள்வி.