ஏ-பி வரிசைச் சொற்கள்: பட்டியலை உருப்போடுவதா, உறவைப் பிடிப்பதா?

வங்கித் தேர்வுக்குப் படித்த காலத்து நோட்டுகள் இரண்டு எங்கள் வீட்டுப் பரணில் இன்னும் கிடக்கின்றன. முதல் நோட்டு தடி. அதில் முதல் பதினைந்து பக்கங்கள் மட்டும் ஓரம் கறுத்து, எண்ணெய்ப் பிசுக்கேறி இருக்கும். மீதிப் பக்கங்கள் கடையில் வாங்கிய நாளில் இருந்த மாதிரியே இருக்கின்றன. ஆங்கிலச் சொற்களை அகரவரிசையில் எழுதிப் பக்கத்தில் தமிழ்ப் பொருள் போட்ட நோட்டு அது. அபேண்டன், அபேஸ், அபேட், அப்டிகேட், அபெட், அபேயன்ஸ்... தேர்வுக்குப் படித்த யாரை எழுப்பிக் கேட்டாலும் இந்த வரிசையைச் சொல்வார்கள். பி எழுத்தைத் தாண்டியவர்களைத்தான் தேட வேண்டும். திருக்குறள் முழுவதையும் மனப்பாடம் செய்கிறேன் என்று கிளம்பி, ஒவ்வொரு தடவையும் கடவுள் வாழ்த்தோடு நின்றுபோகிற கதைதான்.

இரண்டாவது நோட்டு மெலிசு, நாற்பது பக்கம். அதில் சொற்கள் அகரவரிசையில் இல்லை; முன்னொட்டு வாரியாகக் குடும்பம் குடும்பமாக இருக்கின்றன. முதல் நோட்டை வைத்து எழுதிய தேர்வில் ஆங்கிலப் பகுதியின் கட்-ஆஃபைத் தொடவில்லை. இரண்டாவதை வைத்து எழுதியதில் தேறினேன். அந்த ஒன்றரை வருஷத்தில் கணக்கும் ரீசனிங்கும்கூடத்தான் எனக்குக் கைவந்தன. அதனால் நோட்டுதான் வேலை வாங்கித் தந்தது என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

இப்போது அக்கா மகள் அதே தேர்வுக்கு உட்கார்ந்திருக்கிறாள். "மாமா, நான் எதை வச்சுப் படிக்க? கோச்சிங்ல ஒரு பட்டியல் குடுத்திருக்காங்க, ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் ஆப்ல படிக்கிறாங்க" என்று கேட்டாள். என் சாய்வு எந்தப் பக்கம் என்று இந்நேரம் தெரிந்திருக்கும். அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

ஆப் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். ஒரு சொல்லட்டையைக் காட்டும், தெரியுமா தெரியாதா என்று கேட்கும், தெரியாததைத் திரும்பத் திரும்பக் கொண்டுவரும். உச்சரிப்பைக் காதால் கேட்க முடிகிறது; அது பெரிய வசதி, என் இரண்டு நோட்டாலும் ஆகாத காரியம். நான் அதை மூன்று வாரம்தான் பயன்படுத்தினேன், அதுவும் தேர்வெல்லாம் முடிந்து வேலைக்குச் சேர்ந்த பிறகு. அதனால் மட்டம் தட்டவும் மாட்டேன், தூக்கிப் பேசவும் மாட்டேன். பேருந்தில் நின்றுகொண்டே படிக்கிறவர்களுக்கு உதவும்.

பட்டியலுக்கு வருகிறேன். அதன் நல்ல குணங்களை எல்லோரும் அறிவார்கள்: இலவசமாகக் கிடைக்கும், யோசிக்க வேண்டாம், இன்றைக்கு ஐம்பது என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். கோளாறு எங்கே என்றால், ஒரே எழுத்துகளில் தொடங்குகிற சொற்களை அது தோளோடு தோள் உட்கார வைத்துவிடுகிறது. அபேட் என்றால் தணிதல். அபெட் என்றால் குற்றத்துக்குத் தூண்டுதல், உடந்தையாக இருத்தல். பட்டியலில் இரண்டுக்கும் நடுவே நாலைந்து வரிதான். தேர்வில் வந்த கேள்வி ஏறக்குறைய இப்படி: இரவு முழுக்க வீசிய புயல் விடிகாலையில் என்ன ஆனது? நான்கு விடைகளும் ஏ-பி என்று தொடங்கும் சொற்கள். நான்கையும் நான் உருப்போட்டிருந்தேன். எந்தப் பக்கத்தில், எத்தனையாவது வரியில் இருந்தன என்பதுகூடக் கண்முன் வந்தது. பொருள் மட்டும் இடம் மாறிவிட்டது. புயல் குற்றத்துக்கு உடந்தையாக இருந்தது என்று விடையைக் குறித்துவிட்டு வந்தேன். தவறான விடைக்குக் கால் மதிப்பெண் போகும். குறிக்காமல் விட்டிருந்தால் அதாவது மிஞ்சியிருக்கும்.

இப்படி உருவத்தால் ஒன்றையொன்று ஒத்து, கற்பவரைக் குழப்புகிற சொற்களுக்கு மொழியியலாளர் பாட்டியா லாஃபர் சின்ஃபார்ம் என்று ஒரு பெயரே வைத்திருக்கிறார். அடாப்ட், அடெப்ட், அடாப்ட் என்று தமிழில் எழுதினால் முதலும் மூன்றும் ஒன்றாகவே ஆகிவிடுகின்றன. ஒன்றில் நடு உயிர் ஏ, மற்றதில் ஓ. தகவமைத்துக்கொள்வது ஒன்று, தத்தெடுப்பது மற்றது. இவற்றை அடுத்தடுத்துப் படித்தால் எது எதுவென்று தெரியாமல்தான் போகும்.

அகரவரிசை மேல் எனக்குக் கோபம் இல்லை. அது வேறு வேலைக்காகப் பிறந்தது. ஆங்கிலத்துக்கு மட்டுமேயான முதல் அகராதியை ராபர்ட் காட்ரி 1604இல் வெளியிட்டபோது, அதை எப்படிப் பார்ப்பது என்றே முன்னுரையில் சொல்லித்தர வேண்டியிருந்தது. சொல் சி-ஏ என்று தொடங்கினால் சி பகுதியின் ஆரம்பத்தில் பார், சி-யூ என்று தொடங்கினால் அதன் கடைசிப் பக்கம் போ என்று எழுதியிருக்கிறார். நம் பக்கத்தில் அதற்குப் பத்து வருஷம் முன்பே, 1594இல், சிதம்பரம் ரேவண சித்தர் சொற்களை அகரவரிசையில் அடுக்கி அகராதி நிகண்டைச் செய்துவிட்டார். ஆனால் அதற்கு முன்னாலும் பின்னாலும் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் நெட்டுருப் போட்டவை சூடாமணி மாதிரியான நிகண்டுகள். அவற்றில் தேவர் பெயர் ஒரு தொகுதி, மக்கள் பெயர் ஒரு தொகுதி, விலங்கின் பெயர் ஒரு தொகுதி, எல்லாம் செய்யுளில். தேடி எடுப்பதற்கு அகராதி, நெஞ்சில் நிறுத்துவதற்கு நிகண்டு. பட்டியல் கொடுக்கிறவர்கள் தேடுவதற்கான கருவியைக் கையில் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள்.

மெலிசு நோட்டில் அதே ஏ-பி எப்படி இருக்கிறது என்று சொல்கிறேன். பக்கத்தின் தலையில் ஒரே வரி: லத்தீனில் ஏ-பி என்றால் விலகி, அப்பால். கீழே குடும்பம். அப்டக்ட், விலக்கி இழுத்துச் செல்வது, அதாவது ஆளைக் கடத்துவது. அப்ஸ்காண்ட், விலகிப்போய் ஒளிவது. அபரேஷன், பாதை விலகித் திரிவது; எரர் என்ற சொல் இதற்குப் பங்காளி. அப்ஹார், உடல் சிலிர்த்து விலகுவது. ஹாரர் இதன் உறவு. அப்ஜூர், இனி வேண்டாம் என்று சத்தியம் செய்து விலகுவது. நீதிமன்றத்து ஜூரியும் சத்தியம் செய்தவர்தான். அப்ரப்ட், பட்டென்று முறிந்து விலகுவது. எரிமலையின் இரப்ஷனிலும் இன்டரப்டிலும் இருப்பது அதே முறிவு. பேங்க்ரப்ட்டும் அந்த முறிவுதான்: இத்தாலியில் வட்டிக்கடைக்காரர் உட்கார்ந்த பலகைக்குப் பாங்கா என்று பெயர், அந்தப் பலகை முறிந்தது என்பதே திவாலுக்குப் பெயரானது. வங்கியில் வேலை பார்ப்பவன் இந்தச் சொல்லை எப்படி மறப்பான்? எனக்குப் பிடித்தது அபண்டன்ட். உண்டா என்றால் லத்தீனில் அலை. கரையை மீறி அலை வழிகிற அளவுக்கு ஏராளம்.

இனி எனக்கு முடிவு சொன்ன ஒரே விஷயம். அது எத்தனை சொல் கற்கலாம் என்பதோ எவ்வளவு வேகமாகக் கற்கலாம் என்பதோ இல்லை. மறந்த பிறகு என்ன ஆகிறது என்பதுதான். எந்த முறையில் படித்தாலும் ஆறு மாதத்தில் எனக்குப் பாதி போய்விடும், அதில் வித்தியாசம் இல்லை. ஆனால் பட்டியலில் படித்த சொல் மறந்தால் மொத்தமாக மறக்கிறது. பிடித்து இழுக்க ஒரு நுனிகூட இருப்பதில்லை. இல்லையென்றால் பக்கத்து வரிச் சொல்லின் பொருள் வந்து இந்தச் சொல்லின் நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறது. அது மறதியைவிட மோசம், ஏனென்றால் நமக்குச் சந்தேகமே வருவதில்லை. திரும்பப் படிப்பதென்றால் மறுபடி முதல் பக்கம், மறுபடி அபேண்டன். ஓரம் கறுத்த பதினைந்து பக்கங்களும் அப்படி வந்தவைதான்.

குடும்பமாகப் படித்த சொல் மறந்தால் அதன் உறுப்புகள் மிச்சம் இருக்கின்றன. தேர்வு எழுதிப் பல வருஷம் கழித்து, கிளைக்கு வந்த ஒரு சுற்றறிக்கையில் முந்தைய அறிவுறுத்தல் அப்ரோகேட் செய்யப்படுகிறது என்று இருந்தது. பொருள் சுத்தமாக நினைவில் இல்லை. ஆனால் ஏ-பி, விலகி. ரோகேட்? இன்டெராகேட் என்றால் கேள்வி கேட்பது. அப்படியென்றால் கேட்டதை விலக்குவது, உத்தரவைத் திரும்பப் பெறுவது. ரோமில் ஒரு சட்டத்தை மக்கள் முன் வைப்பதற்கே கேட்பது என்றுதான் பெயர் என்று பிறகு அகராதியில் பார்த்தேன். முன்னால் இருந்த வாடிக்கையாளர் பாஸ்புக்கை நீட்டியபடி நின்ற அரை நிமிஷத்தில் சொல்லை மீட்டுவிட்டேன். நோட்டு பரணில்தான் இருந்தது. பராமரிப்புச் செலவு என்று பார்த்தால் இதுதான் கணக்கு: முதல் நோட்டு தினமும் தீனி கேட்கும், இரண்டாவதை வருஷத்துக்கு ஒரு தடவை தூசி தட்டினால் போதும்.

இந்த முறையிலும் பள்ளம் உண்டு. விழுந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். தொடக்க எழுத்து ஒன்றாக இருப்பதாலேயே எல்லாச் சொல்லும் அந்தக் குடும்பத்துப் பிள்ளை ஆகிவிடாது. தமிழில் நீதிக்கு எதிர் அநீதி, சைவத்துக்கு எதிர் அசைவம். அதற்காக அரசுக்கு நேர் சொல் ரசு என்று யாரும் தேடுவதில்லை. தாய்மொழி, காது சொல்லிவிடும். ஆங்கிலத்தில் அந்தக் காது நமக்கு இல்லை. என்னை ஏமாற்றிய அபேட் ஏ-பி குடும்பமே அல்ல. அதில் ஏ தனி, பின்னால் இருப்பது பேட். பேட்டில் என்ற சொல்லில் இருக்கிற அதே அடி. அடித்து வீழ்த்துவதுதான் பிறகு தணிதல் ஆனது. அபெட்டும் ஏ தனி. பெட் என்றால் நாயைச் சூ என்று ஏவிவிடுவது. அபேயன்ஸ் இன்னும் வேடிக்கை: வாய் பிளந்து காத்திருத்தல். கோப்பு அபேயன்ஸில் இருக்கிறது என்று எந்த அலுவலகத்தில் சொன்னாலும் எனக்கு அந்த வாய்தான் தெரிகிறது.

முன்னொட்டே இரட்டை வேஷம் போடுவதும் உண்டு. போன மாதம் அக்கா மகளும் நானும் நாலுவழிச் சாலையில் ஒரு பெட்ரோல் டேங்கருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டோம். ஹைலி இன்ஃப்ளேமபிள் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. "ஏன் மாமா, இன் வந்தா இல்லைன்னுதானே அர்த்தம்? இன்விசிபிள், இன்கரெக்ட் மாதிரி. அப்போ இது எரியாத வண்டியா?" என்றாள். நல்ல கேள்வி. இங்கே இன் என்பது உள்ளே என்ற இன்னொரு இன்; உள்ளே தீ பற்றும் என்பதுதான் பொருள். இதே குழப்பம் உயிருக்கே ஆபத்து என்பதால்தான் இன்னை வெட்டிவிட்டு வெறும் ஃப்ளேமபிள் என்று எழுதும் வழக்கம் வந்தது.

சி-ஏ-டி-ஏ இன்னொரு பள்ளம். கிரேக்கத்தில் கேட்டா என்றால் கீழே. கேட்டஸ்ட்ரஃபி கீழ்மேலாகக் கவிழ்வது, கேட்டரேக்ட் மேலிருந்து பாயும் அருவி, கேட்டார் மூக்கிலிருந்து ஒழுகும் சளி. இந்த உற்சாகத்தில் கேட்டமரான் என்ற சொல்லையும் அவள் கீழே இறக்கி, மூழ்கும் படகு என்று எழுதி வைத்திருந்தாள். கட்டுமரம் என்று வாய்விட்டுச் சொல்லச் சொன்னேன். அரைமணி நேரம் சிரிப்பு.

அதனால் என் யோசனை இது. இடது பக்கம் குடும்பத்துச் சொற்கள், வலது பக்கம் குடும்பம் மாதிரி தெரியும் வேற்றுச் சொற்கள். எது எந்தப் பக்கம் என்பதை ஊகிக்கக் கூடாது. சொல் பிறந்த கதையைத் தருகிற நல்ல அகராதி ஒன்றைப் பார்த்தே எழுத வேண்டும். இது நேரம் பிடிக்கிற வேலை. ஒரு குடும்பத்துக்கு ஒரு மாலை போய்விடும். தேர்வுக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது என்றால் இதில் இறங்காதீர்கள், பட்டியலே மேல்.

லத்தீன் கிரேக்க வேர் இல்லாத குட்டி ஆங்கிலச் சொற்களுக்கு இந்த நோட்டு உதவாது. அங்கே ஒலியைப் பிடிக்கலாம். ஜி-எல் என்று தொடங்கும் க்ளோ, க்ளீம், க்ளிட்டர், க்ளிம்மர் எல்லாம் வெளிச்சம். எஸ்-என் என்று தொடங்கும் ஸ்னோர், ஸ்னீஸ், ஸ்னிஃப், ஸ்னவுட் எல்லாம் மூக்கு. இந்த மாதிரி ஒலிக்கொத்துகளுக்கு ஃபோனஸ்தீம் என்று 1930இல் ஜே. ஆர். ஃபர்த் பெயர் வைத்தார். பாம்பும் நத்தையும் அதே எஸ்-என்தான், அவற்றுக்கும் மூக்குக்கும் சம்பந்தம் இல்லை. எனக்கு இது பாதிதான் பலித்தது: வெளிச்சம் என்று தெரியும், மினுக்கா பளபளப்பா தகதகப்பா என்று கேட்டால் இன்றும் தடுமாறுவேன். ஆங்கிலத்தில் பேசுவதற்கு எந்த முறை நல்லது என்றும் என்னைக் கேட்காதீர்கள். நான் படித்தது தாளில் விடை குறிக்க.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். டி-ஐ-எஸ் குடும்பம் எழுதியிருந்தாள். இடது பக்கத்தில் டிசீஸ், டிசாஸ்டர். ஆஸ்டர் என்றால் நட்சத்திரம், கிரகம் சரியில்லாமல் வந்த கேடு என்று குறிப்பு. வலது பக்கத்தில் தனியாக ஒரே ஒரு சொல், டிஸ்மல். இது எப்படி இந்தப் பக்கம் வந்தது என்று கேட்டேன். "இதுல டிஸ்ஸே கிடையாது மாமா. டியஸ் மாலி, கெட்ட நாள்னு அர்த்தம். அந்தக் காலத்துல அவங்க காலண்டர்ல மாசத்துக்கு ரெண்டு நாள் ஆகாத நாள்னு குறிச்சு வச்சிருப்பாங்களாம்." பக்கத்தில் பென்சிலால் சின்னதாக எழுதியிருந்தாள்: அவங்க ஊரு கரிநாள்.