யமஹா ஆர்15 வி3: ஐந்தாண்டுச் சென்னைப் பயன்பாட்டுக்குப் பின்

யமஹா ஆர்15 மூன்றாம் பதிப்பின் பிஎஸ்6 (பாரத் ஸ்டேஜ் 6 புகைத் தரம்) வண்டியை 2020இல் வாங்கினேன். வேளச்சேரியிலிருந்து பழைய மகாபலிபுரம் சாலையில் இருக்கும் அலுவலகத்துக்குப் போய்வருவதும், சந்தைக்குப் போவதும், ஊரிலிருந்து வருபவர்களை ரயில் நிலையத்தில் ஏற்றிக்கொள்வதும் எல்லாம் இதில்தான். வீட்டில் வேறு இருசக்கர வாகனம் கிடையாது. வாங்குவதற்கு முன் நான் விசாரித்தவை பெரும்பாலும் எஞ்சினைப் பற்றியவை. ஐந்தாண்டுகளுக்கு மேல் ஓட்டிய பிறகு பார்த்தால், எஞ்சினைப் பற்றி நான் கவலைப்பட்ட நேரம் மிகக் குறைவு. அதைச் சுற்றியிருக்கும் செயினும் டயரும், வண்டியை மூடியிருக்கும் பிளாஸ்டிக் உறையான ஃபேரிங்கும், எல்லாவற்றுக்கும் மேலாக ஓட்டுபவரின் மணிக்கட்டும் முதுகும்தான், இப்படியொரு வண்டியை அன்றாடம் வைத்துப் பிழைக்க முடியுமா என்பதைத் தீர்மானிக்கின்றன.

எனவே எஞ்சினைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 155 சிசி, லிக்விட் கூலிங், நான்கு வால்வு. 10,000 ஆர்பிஎம்மில் 18.6 பிஎஸ் (குதிரைத்திறன்) சக்தி, 8,500இல் 14.1 நியூட்டன் மீட்டர் டார்க். விவிஏ என்னும் ஏற்பாட்டில், பெட்ரோல் கலவையை உள்ளே விடும் வால்வுகளைத் தள்ளித் திறக்கும் கேமுக்கு இரண்டு வடிவங்கள் உண்டு. ஏறக்குறைய 7,400 ஆர்பிஎம் வரை ஒன்று வேலை செய்யும். அதைத் தாண்டியதும் ஒரு சிறு ஊசி நகர்ந்து இரண்டாவதைப் பூட்ட, வால்வு கூடுதலாகத் திறக்கும், மீட்டரில் விவிஏ என்ற எழுத்து ஒளிரும். விற்பனையகத்தில் இதைப் பற்றி நிறையப் பேசுவார்கள். ஆனால் காலை ஒன்பது மணிக்கு விஜயநகர் சந்திப்பைக் கடப்பவருக்கு அந்த எழுத்தைப் பார்க்கும் வாய்ப்பு அநேகமாக இல்லை. நகரத்துக்குள் உண்மையில் உதவுவது அசிஸ்ட் அண்ட் ஸ்லிப்பர் கிளட்ச்தான்: லீவர் இரண்டு விரலில் இழுபடும் அளவுக்கு மென்மையாக இருப்பதால், நகர்ந்து நகர்ந்து நிற்கும் நெரிசலிலும் இடது கை ஓய்ந்துபோவதில்லை.

லிக்விட் கூலிங் என்பதால் சூடே இருக்காது என்று எண்ணுபவர்கள் உண்டு. எஞ்சின் தன் வெப்பத்தை எங்கேயாவது விட்டாக வேண்டும். கத்திரி வெயிலில் நீண்ட சிக்னலில் நிற்கும்போது ரேடியேட்டர் விசிறி ஓடத் தொடங்கினால், அந்த அனல் முழங்காலுக்குக் கீழே நன்றாகத் தெரியும். அது கோளாறு அல்ல. விசிறி ஓடாமல் இருந்தால்தான் பயப்பட வேண்டும். வண்டி முழுக்க ஆறிய பிறகு ரிசர்வ் டேங்கில் கூலன்ட் அளவைப் பார்ப்பதும், குறைந்திருந்தால் குழாய்த் தண்ணீரை ஊற்றாமல் முறையான கூலன்ட்டையே சேர்ப்பதும் போதுமானவை. முன்சக்கரம் வாரியடிக்கும் கற்கள் ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளை மடக்கிவிடுகின்றன. அதற்கு ஒரு கம்பிவலைக் காப்பு போட்டது, இந்த வண்டிக்கு நான் செய்த கூடுதல் செலவுகளில் மிகவும் நியாயமானது.

அமரும் முறைதான் நண்பர்கள் அதிகம் கேட்பது. 815 மில்லிமீட்டர் உயர இருக்கை, ஃபோர்க்கிலேயே தனித்தனியாகப் பூட்டிய தாழ்ந்த கிளிப்-ஆன் ஹேண்டில், பின்னோக்கித் தள்ளிய ஃபுட்ரெஸ்ட் ஆகிய மூன்றும் சேர்ந்து உடம்பை முன்னே சாய்க்கின்றன. வேகமாகப் போகும்போது எதிர்க்காற்று மார்பைத் தாங்கிக்கொள்வதால் இந்தச் சாய்வு இதமாகவே இருக்கும். முப்பது நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் அந்தக் காற்றின் தாங்கல் இல்லாமல் மேலுடம்பின் எடை முழுவதும் உள்ளங்கைக்கு இறங்கும். தொடக்க மாதங்களில் கட்டைவிரலின் அடிப்பகுதி மரத்துப்போவது இதனால்தான். இதற்கு மருந்து கையுறையிலோ ஜெல் கிரிப்பிலோ இல்லை, தொடையில் இருக்கிறது. டேங்கை இரு முழங்கால்களாலும் அணைத்துப் பிடித்து, வயிற்றுத் தசையால் உடம்பைத் தாங்கி, முழங்கையைச் சற்று மடக்கி வைத்தால், ஹேண்டிலைப் பிடித்திருக்கும் கைகளில் எடையே இருக்காது. டேங்கின் இரு பக்கங்களிலும் ஒட்டும் ரப்பர் பேட் அலங்காரம் என்று நினைத்திருந்தவர்கள் அதை ஒட்டிப் பார்க்கட்டும். முதுகுவலி ஏற்கெனவே உள்ளவர்களுக்கு இந்த யோசனை போதாது. அவர்கள் ஒரு மணி நேரமாவது நெரிசலில் ஓட்டிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

இதே ஹேண்டிலால் இன்னொரு சங்கடமும் உண்டு. அது ஃபேரிங்கில் இடிக்காதிருக்க வேண்டும் என்பதால் முழுமையாகத் திரும்பாது. குறுகிய தெருவில் யூ-டர்ன் எடுக்கும்போது சாதாரண கம்யூட்டர் வண்டிக்காரர் ஒரே வளைப்பில் திரும்பிப் போய்விடுவார். நாம் காலை ஊன்றிப் பின்னால் தள்ளி மறுபடி முன்னே வர வேண்டியிருக்கும், பின்னால் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருப்பார்.

பின்னிருக்கையைப் பற்றி அம்மா சொன்னதுதான் கடைசி வார்த்தை. ஒருநாள் மருத்துவரைப் பார்க்கக் கிளம்பியபோது, ஃபுட்ரெஸ்டில் ஒரு காலை வைத்து இருக்கையை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "என்னடா இது, பரண்ல ஏத்தி உக்கார வெக்கப் பாக்குற. நான் ஆட்டோல வரேன், நீ முன்னாடி போய் டோக்கன் போடு" என்றார். பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லாத, உயரமான, அகலம் குறைந்த அந்த இருக்கையில் ஒரு பக்கமாக உட்கார்வது பாதுகாப்பானதும் அல்ல. வீட்டுக்கு ஒரே வண்டி, பெரியவர்களையும் அழைத்துச் செல்ல வேண்டும் என்ற நிலையில் இருப்பவர்கள் வேறு வண்டி பார்ப்பதே நல்லது.

இனி செயின். ஸ்போர்ட்ஸ் வண்டிகளில் செயின் மூடியில்லாமல் திறந்தே இருக்கும். சென்னையின் தூசியும் மழைக்காலச் சேறும் நேரடியாக அதில்தான் படியும். சுமார் 500 கிலோமீட்டருக்கு ஒருமுறையும், மழையில் நனைந்து வந்தால் மறுநாளே ஒருமுறையும் என்பது என் வழக்கம். பேடாக் ஸ்டாண்டில் பின்சக்கரத்தைத் தூக்கி, எஞ்சினை அணைத்து, நியூட்ரலில் வைத்துக் கையால்தான் சக்கரத்தைச் சுற்ற வேண்டும். கியரில் போட்டு ஓடவிட்டபடியே செயினைத் துடைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். துணி சிக்கினால் விரலும் சேர்ந்து ஸ்ப்ராக்கெட் என்னும் பற்சக்கரத்துக்குள் போய்விடும். கிளீனர் தெளித்து, பழைய பல்துலக்கியால் நான்கு பக்கமும் தேய்த்து, துணியால் ஒற்றியெடுத்துக் காய்ந்த பிறகு, செயினின் உள்பக்கத்தில் செயின் எண்ணெயான லூப் அடிக்க வேண்டும். வெளிப்பக்கம் அடித்தால் சுழற்சியில் பாதி சக்கரத்தின் ரிம்மில்தான் தெறிக்கும். ஓட்டி முடித்து வந்த சூட்டில் இதைச் செய்து, வண்டியை இரவு முழுவதும் நிறுத்திவிட்டால் எண்ணெய் நன்றாக இறங்கும்.

துடைப்பதைவிட முக்கியமானது தொய்வின் அளவு. செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரித் தேய்வதில்லை என்பதால், சக்கரத்தைச் சற்றுச் சற்றாகச் சுற்றி, அதிகம் இறுகியிருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கேதான் கையேடு சொல்லும் தொய்வு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நகரின் ஒரு சர்வீஸ் நிலையத்தில் விட்டு எடுத்தபோது செயினைக் கம்பிபோல் இறுக்கிக் கொடுத்தார்கள். குறைந்த வேகத்தில் ஒரு முனகல் கேட்டது. தெருமுனை மெக்கானிக் அண்ணன் விரலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, இப்படி டைட் வெச்சா செயின் மட்டும் போகாது, பேரிங்கும் சேர்ந்து போயிடும்" என்று சொல்லி, ஆக்ஸில் நட்டைத் தளர்த்தி, இருபக்க அளவுக் கோடுகளையும் சமமாக்கிக் கொடுத்தார். வண்டி பள்ளத்தில் இறங்கும்போது பின்சக்கரம் மேலே எழும்பும், அப்போது செயின் மேலும் இறுகும் என்பதால்தான் அந்தத் தொய்வையே விட்டுவைக்கிறார்கள். இன்றுவரை சர்வீஸ் முடிந்து வண்டியை எடுத்ததும் நான் முதலில் தொட்டுப் பார்ப்பது செயினைத்தான். ஸ்ப்ராக்கெட் பற்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து கூர்மையாகிவிட்டால் செயினையும் இரண்டு ஸ்ப்ராக்கெட்டுகளையும் செட்டாகவே மாற்ற வேண்டும். தேய்ந்த பல்லில் புதுச் செயினைப் போட்டால் அதுவும் சீக்கிரமே தேய்ந்துவிடும்.

பின்டயர் 140/70 அளவு ரேடியல். அலுவலகத்துக்கு நேர்சாலையிலேயே ஓடும் வண்டியில் டயரின் நடுப்பகுதி மட்டும் தட்டையாகத் தேயும். ஓரங்கள் புதிதாகவே இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் இன்னும் ஓடும்போலத் தெரியும். ஆனால் திருப்பத்தில் சாய்க்கும்போது தட்டையான பகுதியின் விளிம்பைத் தாண்டுகையில் வண்டி சட்டென்று விழுவதுபோல ஒரு உணர்வு வரும். அது வந்துவிட்டால் மாற்றிவிட வேண்டும், தேய்மானக் குறி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. காற்றழுத்தத்தை வாரம் ஒருமுறை, டயர் சூடாகும் முன்பே பார்ப்பது நல்லது.

ஃபேரிங் விஷயத்தில் இன்சூரன்ஸை நன்கு படித்துவிட வேண்டும். நின்ற இடத்தில் சாய்ந்து விழுந்தாலே பக்கவாட்டு ஃபேரிங், இண்டிகேட்டர், லீவர் என்று செலவு வரிசைகட்டும். சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு ஐம்பது சதவீதம் தேய்மானமாகக் கழித்துவிட்டுத்தான் தருவார்கள். இந்த வண்டியின் வெளித்தோற்றம் முழுக்கப் பிளாஸ்டிக்தான் என்பதால் அப்படித் தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப் காப்பீட்டைச் சேர்த்துக்கொள்வது வீண்செலவு அல்ல. இன்னொன்று: 2018 செப்டம்பர் முதல் புதிய இருசக்கர வாகனங்களுக்கு மூன்றாம் நபர் காப்பீடு ஐந்தாண்டுகளுக்குச் சேர்த்தே வருகிறது. அதை வைத்து, தன் வண்டியின் சேதத்துக்கான காப்பீடும் அவ்வளவு காலம் இருக்கிறது என்று நினைத்து, அதைப் புதுப்பிக்காமல் விடுபவர்கள் ஏராளம். சிறு உதிரிகளுக்குப் புதுப்பேட்டையும் ஜி.பி. ரோடும் இருக்கின்றன. அங்கே கிடைக்கும் உரத்த சைலன்சர்களைப் பற்றி என்னைக் கேட்க வேண்டாம். அதிகாலை ஐந்து மணிக்குத் தெருவையே எழுப்பிவிடும் அந்தச் சத்தத்தால்தான் ஃபேரிங் வைத்த வண்டி எல்லாவற்றையும் போலீஸ்காரர் நிறுத்துகிறார்.

வடகிழக்குப் பருவமழை வேளச்சேரிக்காரர்களுக்குத் தனிப் பாடம். 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் எங்கள் மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்தியது செய்திகளில் வந்தது. 170 மில்லிமீட்டர் தரை இடைவெளியுள்ள இந்த வண்டிக்கும் மேடான இடம் முன்கூட்டியே பார்த்து வைக்க வேண்டும். தண்ணீரில் மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்து பார்க்கவே கூடாது. காற்று போகும் வழியில் தண்ணீர் புகுந்திருந்தால் பிஸ்டனால் அதை அழுத்த முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். கிக்கர் இல்லாத வண்டி என்பதால், மழை நாட்களில் பல நாள் நிறுத்தி வைத்தால் பேட்டரியையும் கவனிக்க வேண்டும்.

இத்தனை சொன்ன பிறகும் ஏன் விற்கவில்லை என்றால், காரணம் மலைச்சாலை. டெல்டாபாக்ஸ் என்னும் உறுதியான சட்டகமும் 142 கிலோ எடையும் இரு சக்கரங்களுக்குமான ஏபிஎஸ் பிரேக்கும் சேர்ந்து, ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் இந்த வண்டி கோடு போட்டதுபோல் திரும்பும். கொல்லிமலையின் 70 வளைவுகள் வேறு ரகம். அங்கே வளைவுகள் அத்தனை நெருக்கம் என்பதால் முதல் கியருக்கும் இரண்டாவதற்கும் இடையே கை ஓயாது, இறங்கும்போது மணிக்கட்டு மறுபடியும் பேச ஆரம்பிக்கும். வேகம்தான் வேண்டும் என்பவர்களுக்கு இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் பந்தயத் தடம் இருக்கிறது. அங்கே எதிரே லாரி வராது, மாடு குறுக்கே வராது.

பராமரிப்புச் செலவு பயமுறுத்தும்படி இல்லை. நகரத்தில் லிட்டருக்கு நாற்பதுக்குச் சற்று மேலே, நெடுஞ்சாலையில் நிதானமாகப் போனால் இன்னும் கூடுதலாகக் கிடைக்கிறது. எஞ்சின் ஆயில் 10டபிள்யூ-40, அதிலும் ஜாஸோ எம்ஏ தரக்குறி உள்ளதுதான். கிளட்ச் அதே எண்ணெயில் ஊறிக்கொண்டிருப்பதால், கார்களுக்கான வழுவழுப்புக் கூட்டிய ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கத் தொடங்கும். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பதால் இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றுகிறேன். வாட்டர் வாஷில் அழுத்தக் குழாயைச் சக்கர பேரிங், கோன்செட் (ஹேண்டில் திரும்பும் இடத்து பேரிங்), செயின் பக்கம் நேராகக் காட்ட விடுவதில்லை.

இப்போது இந்த மாதிரியைப் பழைய வண்டியாக வாங்க நினைப்பவர்கள் ஓடிய கிலோமீட்டரை மட்டும் நம்ப வேண்டாம். ஹேண்டிலின் முனைகளிலும் ஃபுட்ரெஸ்ட் நுனியிலும் உராய்ந்த தடம் இருக்கிறதா, ஃபேரிங்கின் உள்பக்கக் கொக்கிகள் உடைந்து பசை போட்டு ஒட்டப்பட்டிருக்கின்றனவா, முன்ஃபோர்க்கில் எண்ணெய் வளையம் தெரிகிறதா என்று வெயிலில் நிறுத்திப் பார்க்க வேண்டும். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஹேண்டிலை மெதுவாகத் திருப்பும்போது நடுவில் ஓரிடத்தில் தட்டி நின்றால் கோன்செட் போயிருக்கிறது என்று பொருள். அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசலாம். பின் ஸ்ப்ராக்கெட்டின் பல்லையும் பார்த்துவிடுங்கள். செயினைக் கவனிக்காதவர் ஆயிலையும் கவனித்திருக்க மாட்டார்.