அமிட்ரிப்டிலினா, ஃபுளுவொக்செட்டினா? இரத்தத்தில் அளந்து கொடுக்கிற மருந்தும் அளக்கத் தேவையில்லாத மருந்தும்

அக்காவுக்கு மனச்சோர்வு என்று கிளினிக்கில் முடிவானதும் டொக்டர் இரண்டு மருந்துகளைச் சொன்னார். அமிட்ரிப்டிலின், 1960களில் இருந்து புழங்குகிற பழைய ட்ரைசைக்ளிக் வகை. ஃபுளுவொக்செட்டின், 1980களின் கடைசியில் வந்த எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை. நாங்கள் இரண்டாவதை எடுத்தோம். இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கம் தேயிலைக் கொழுந்து பறிக்கிறவளுக்கு அதுதான் தோது என்பது என் கட்சி. ஆகவே இதில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

குணப்படுத்துவதில் பெரிய ஏற்றத்தாழ்வு கிடையாது. இரண்டும் பலன் காட்ட சில வாரங்கள் கேட்கும். பக்கவிளைவுகளும் தெரிந்தவைதான்: முன்னதில் வாய் வறட்சி, மலச்சிக்கல், தூக்கக் கலக்கம், பின்னதில் குமட்டல், படபடப்பு, தாம்பத்திய ஆசை குறைதல். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். அமிட்ரிப்டிலின் எடுப்பவர் சட்டென்று எழும்பும்போது இரத்த அழுத்தம் இறங்கலாம். வீட்டில் என்றால் சுவரைப் பிடித்துக்கொள்ளலாம். மழையில் வழுக்குகிற மலையில் கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு நிற்கிறவள் எதைப் பிடிப்பாள்?

பழைய வகைக்கு ஒரு பெருமை உண்டு, அதை மறுக்க முடியாது. அதன் அளவை இரத்தத்தில் பார்த்து மருந்தைத் திருத்தலாம். அதே பழைய வகையைச் சேர்ந்த நோர்ட்ரிப்டிலினில் இது தெளிவாகத் தெரிந்தது. 1971 இல் சுவீடனில் மேரி ஓஸ்பெர்க் குழுவினர், இரத்த அளவு குறைவாக இருந்தவர்களுக்கு மட்டுமல்ல, மிகக் கூடியிருந்தவர்களுக்கும் குணம் குறைவு என்று கண்டார்கள். இன்று மில்லிலீட்டருக்கு 50 முதல் 150 நானோகிராம் வரை சரியான அளவாக வைத்திருக்கிறார்கள். அமிட்ரிப்டிலின் ஈரலில் நோர்ட்ரிப்டிலினாக மாறுவதால் இரண்டையும் கூட்டிப் பார்ப்பார்கள். அந்தக் கூட்டுத்தொகை 80 முதல் 200 நானோகிராம் வரை இருக்க வேண்டும். ஒரே மாத்திரையை விழுங்கும் இருவருக்கு இரத்தத்தில் பல மடங்கு வித்தியாசம் வரலாம், ஈரல் நொதியின் பரம்பரை அப்படி. எனவே குணம் தெரியாதபோது, மருந்து போதவில்லையா, மருந்தே ஒத்துவரவில்லையா என்று இந்தப் பரிசோதனை பிரித்துக் காட்டும்.

எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகையில் இரத்த அளவுக்கும் குணத்துக்கும் அப்படித் தெளிவான தொடர்பு கிடைக்கவில்லை. வழக்கமான குறைந்த அளவிலேயே மூளையில் மருந்து பிடிக்க வேண்டிய இடங்களில் சுமார் 80 சதவீதத்தைப் பிடித்துவிடுகிறது. அதற்கு மேல் இரத்தத்தில் கூடினாலும் பலன் அதே வேகத்தில் கூடுவதில்லை. தூக்கம் எப்படி, சாப்பாடு இறங்குகிறதா, பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலை பிரிக்கிற இடத்துக்கு, போக மனம் வருகிறதா என்று கேட்டுத்தான் டொக்டர் முடிவெடுக்கிறார்.

சரி, பராமரிப்புக்கு வருவோம். எனக்கு எல்லாவற்றையும் தீர்மானித்தது அதுதான். இரத்த அளவு பார்ப்பது என்றால் ஒரு வாரமாவது அதே அளவு மருந்தை விடாமல் எடுத்திருக்க வேண்டும். இரவு மாத்திரை போட்டு, ஏறக்குறைய 12 மணி நேரம் கழித்துக் காலையில் இரத்தம் கொடுக்க வேண்டும். நடுவில் ஒரு இரவு தவறினால் ரிப்போர்ட்டில் வருகிற எண்ணை நம்ப முடியாது. டவுண் லேப்பில் கேட்டேன், அங்கே அந்த டெஸ்ட் இல்லை. வெளியே போனால் பஸ் காசு, லேப் காசு, அதோடு அன்றைய பேரும் போச்சு, அதாவது அன்றைய நாள் சம்பளம். கிளினிக் நாளுக்கே பேர் போகிறது. இதற்கும் ஒரு நாளா?

ஃபுளுவொக்செட்டின் இந்த இடத்தில் மன்னிக்கிற மருந்து. தொடர்ந்து எடுப்பவர் உடம்பில் அது பாதியாகக் குறைய 4 முதல் 6 நாள். அதில் இருந்து உண்டாகும் நோர்ஃபுளுவொக்செட்டின் இன்னும் மெதுவாக, ஒரு வாரத்துக்கு மேல். மண் சரிந்து பாதை மூடி, கிளினிக் ஓரிரு நாள் தள்ளிப்போனாலும் இரத்த அளவு சட்டென்று விழாது. அமிட்ரிப்டிலின் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு நாள் போதும். அப்புறம், அதை அளவுக்கு மீறி விழுங்கினால் இதயத் துடிப்பையே குழப்பிவிடும். பிள்ளைகள் புழங்குகிற லயத்துக் காம்பராவில், தோட்டத்து வரிசை வீட்டின் ஒற்றை அறையில், ஒரு மாத மாத்திரையை எங்கே பூட்டி வைப்பது?

நான் கிட்ட இருந்து பார்த்தது அக்காவை மட்டும்தான். இரவெல்லாம் கண் மூடாமல் கிடப்பவருக்கும், நரம்பு வலியும் சேர்ந்து இருப்பவருக்கும் பழைய மருந்தே பொருந்தலாம். எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகையில் இன்னொரு மருந்தான செர்ட்ராலின் எடுத்தவர் யாரும் எனக்குப் பழக்கமில்லை.

ஒரு எச்சரிக்கை. ஒற்றைத் தலைவலிக்கும் நரம்பு வலிக்கும் வேறு கிளினிக்கில் அமிட்ரிப்டிலினைச் சின்ன அளவில் எழுதுவார்கள். ஃபுளுவொக்செட்டின் ஈரல் நொதியைத் தடுப்பதால், சேர்த்து எடுத்தால் அமிட்ரிப்டிலின் இரத்த அளவு ஏறிவிடும். ஃபுளுவொக்செட்டினை நிறுத்திய பிறகும் இது சில வாரங்களுக்கு நீடிக்கும். எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் மற்றக் கிளினிக் கொப்பியையும் கொண்டுபோய் டொக்டரிடம் காட்டுங்கள்.