தமிழை வேகமாகப் படிக்கவைக்கும் செயலிகள்: வாங்கலாமா?

உயர்நிலை மாணவர்கள் கருத்தறிதலில் நேரம் போதாமல் திணறும்போது, பெற்றோர் பலர் கைப்பேசியில் தேடுவது வேக வாசிப்புச் செயலியைத்தான். எம்ஆர்டி ரயில் பயணத்துக்குள் ஒரு நீண்ட கட்டுரையை முடித்துவிட நினைக்கும் பெரியவர்களும் அதைத்தான் தேடுகிறார்கள். சிங்கப்பூரில் கிடைப்பவை பெரும்பாலும் ஆங்கிலத்துக்கென வடிவமைக்கப்பட்டவை. தமிழை ஒட்டினால் ஏற்றுக்கொள்ளும். ஒழுங்காகப் படிக்கவைக்குமா என்பது வேறு கேள்வி.

முதல் வகை, திரையின் நடுவில் ஒரு சொல்லைக் காட்டி, அதை அழித்துவிட்டு அடுத்ததைக் காட்டும். 2014இல் ஸ்ப்ரிட்ஸ் நிறுவனம் இம்முறையைப் பரவலாக அறியச் செய்தது. ஒவ்வொரு சொல்லிலும் ஓர் எழுத்து சிவப்பாக இருக்கும். கண் அங்கேயே நிற்க வேண்டும். கண் ஓடாவிட்டால் நேரம் மிச்சம் என்பது கணக்கு.

அந்தக் கணக்கு தவறு. வாசிக்கும் கண் வரிமேல் வழுக்கிக்கொண்டு போவதில்லை. நின்று நின்று தாவுகிறது. ஒரு நிறுத்தம் சராசரியாக 200 முதல் 250 மில்லிவினாடி. ஒரு தாவலோ 20 முதல் 40 மில்லிவினாடிதான். ஆகவே தாவலை ஒழித்து மிச்சம் பிடிப்பது சொற்பம். நேரம் செலவாவது நிறுத்தத்தில். அங்கே உழைப்பது மனம். பழகிய சொல் என்றால் மனம் கண்ணைச் சீக்கிரம் விடுவிக்கும், அரிய சொல் என்றால் பிடித்துவைக்கும், ஊகிக்கக்கூடிய சிறு சொல்லைப் பல நேரம் தாண்டியே போகச் சொல்லும். செயலிக்கு இது எதுவும் தெரியாது. நிமிடத்துக்கு 300 சொல் என்று வைத்தால் ஒரு சொல்லுக்கு 200 மில்லிவினாடி. ‘ஒரு’ என்பதற்கும் அதே நேரம், ‘வந்துகொண்டிருந்தவர்களிடமிருந்து’ என்பதற்கும் அதே நேரம். சில செயலிகள் நீண்ட சொல்லுக்குக் கூடுதல் நேரம் தருகின்றன. அதுவும் நீளத்தை அளக்கிறதே தவிர, கடினத்தை அல்ல.

இன்னொரு இழப்பு, பக்கத்துச் சொல். உளவியல் ஆய்வாளர்கள் ஜார்ஜ் மெக்கோங்கி, கீத் ரெய்னர் இருவரும் 1975இல் தொடங்கிவைத்த ஆய்வு முறையின் வழியே தெரியவந்தது இது: ஆங்கிலம் படிப்பவர் பார்வை நிற்கும் இடத்துக்கு வலப்புறம் 14, 15 எழுத்து வரை ஏதாவது தகவல் எடுத்துக்கொள்கிறார், இடப்புறம் 3, 4 எழுத்துதான். வலமிருந்து இடமாக எழுதப்படும் ஹீப்ருவைப் படிக்கும்போது இது இடப்புறமாகச் சாய்கிறது. விழி ஒன்றேதான், எந்தப் பக்கம் கவனம் போக வேண்டும் என்பதை மனம் மொழிக்கேற்ப மாற்றுகிறது. தனிச்சொல் திரையில் பக்கத்துச் சொல்லே இல்லை.

தமிழுக்கு மிகப் பெரிய அடி, பின்னோக்கிப் பார்க்க முடியாதது. நன்றாகப் படிப்பவர்களின் தாவல்களிலும் 10 முதல் 15 விழுக்காடு பின்னோக்கியவை. படித்து முடித்த சொற்களை மறைத்து, திரும்பிப் பார்க்க முடியாமல் செய்தால் புரிதல் குறைகிறது என்று ரெய்னர் குழுவினர் 2014இல் காட்டினார்கள். ‘அவர் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னது உண்மையல்ல’ என்ற வாக்கியத்தைப் பாருங்கள். கடைசிச் சொல் வந்ததும் முழு வாக்கியத்தின் பொருளும் புரண்டுவிடுகிறது. வினையும் மறுப்பும் இறுதியில் வரும் மொழியில் கண் திரும்பிப் போக வழி வேண்டும். இந்த வகைக்குக் காசு கொடுக்காதீர்கள். கைக்கடிகாரத் திரையில் ஓரிரு வரிக் குறுஞ்செய்தி படிக்க உதவலாம், அவ்வளவே.

இரண்டாம் வகை, ஒவ்வொரு சொல்லின் முன்பாதியையும் தடித்த எழுத்தாக்குவது. 2022வாக்கில் பயோனிக் ரீடிங் என்ற பெயரில் பிரபலமானது. ஆய்வாளர் ஜோஷுவா ஸ்னெல் 2024இல் வெளியிட்ட ஆய்வில் வாசிப்பு வேகம் கூடவில்லை. தமிழில் இன்னும் பொருந்தாது. ‘படிக்கிறாள்’, ‘படிக்கமாட்டாள்’, ‘படிக்கவில்லை’ மூன்றிலும் தடிப்பது ‘படிக்’ அல்லது ‘படிக்க’. பொருளை மாற்றும் பகுதி மெல்லியதாகக் கிடக்கிறது. கூடவே எழுத்து உடையும். ‘கொ’ என்பதைக் கணினி ககரமாகவும் அதன்பின் ஒரு குறியாகவும் சேமிக்கிறது. செயலி இரண்டுக்கும் நடுவே வெட்டினால், கொம்பும் காலும் புள்ளியிட்ட வட்டத்தைச் சுற்றித் தனியே நிற்கும். எழுத்துருவில் தடித்த வடிவம் இல்லாதபோது மென்பொருளே தடிமன் ஏற்றி, ண, ஞ ஆகியவற்றின் சுழிகளை அடைத்துவிடுவதும் உண்டு.

மூன்றாம் வகை, படிக்கும் வரியை மட்டும் வெளிச்சமாக்கி மற்றதை மங்கலாக்குவது. இதைப் பரிந்துரைக்கிறோம். வரி முடிந்து அடுத்த வரியின் தொடக்கத்துக்குத் திரும்பும் நீண்ட தாவலில்தான் பிள்ளைகள் வரியைத் தவறவிடுகிறார்கள். அதற்கு இது நேரடியாக உதவுகிறது. வேகத்தையும் வாசகரிடமே விட்டுவிடுகிறது. தானாக நகரும் வசதியை அணைத்து, விரலால் நகர்த்தும்படி வையுங்கள். மேலே ஒரு வரி, கீழே ஒரு வரி மங்கலாகவாவது தெரிய வேண்டும்; முழுக்க இருட்டடித்தால் திரும்பிப் பார்க்கும் வழி இங்கும் அடைபடும்.

வாங்குமுன் இலவசப் பதிப்பில் ‘கொண்டுவந்திருக்கிறார்கள்’, ‘பௌர்ணமி’, ‘ஸ்ரீ’ மூன்றையும் ஒட்டிப் பாருங்கள். ஓர் எழுத்து உடைந்தாலும் நீக்கிவிடுங்கள். சரியாக இருந்தால் வரி இடைவெளியை 1.5 ஆக்குங்கள்: மேல் வரியின் உகரக் கீற்றும் கீழ் வரியின் புள்ளியும் முட்டிக்கொள்ளாது. இருபுறமும் சமன்செய்யும் அமைப்பை அணைத்து இடப்புறம் மட்டும் சீராக்குங்கள். நீண்ட தமிழ்ச் சொற்கள் அடுத்த வரிக்குத் தள்ளப்படும்போது உண்டாகும் அகன்ற வெற்றிடங்கள் கண்ணின் தாவலைக் குழப்புகின்றன. கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்து, வரிக்கு நான்கைந்து சொல் வரும் அளவில் எழுத்தை வைத்தால் போதும். ஆடும் ரயிலில் படிப்பதானால் உருட்டுவதைவிடப் பக்கம் புரட்டும் முறை நல்லது. எழுத்து நகர்ந்தால் விட்ட இடத்தைக் கண் மறுபடி தேட வேண்டியிருக்கும்.