பீட்டில் இன்ஜினில் தெர்மோஸ்டாட் பிளாப்: கழற்றுவதா, விடுவதா?

புதுச்சேரி, கடலூர் பக்கம் பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் இன்ஜினை இறக்கினால் இந்தப் பேச்சு வராமல் இருக்காது: "சார், இதெல்லாம் ஜெர்மன் குளிருக்கு வெச்சது. நம்ம வெயிலுக்கு எதுக்கு? தெர்மோஸ்டாட், பிளாப் எல்லாத்தையும் தூக்கிடலாம்." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நான் விட்டுவைக்கும் கட்சி.

பீட்டில் இன்ஜினை ஆற வைப்பது தண்ணீர் இல்லை, ஃபேன் தள்ளும் காற்றுதான். அந்த ஃபேனைச் சுற்றியுள்ள தகட்டுக் கூட்டின், அதாவது ஷ்ரவுடின், கீழ்ப்பகுதியில் இரண்டு பக்கமும் இருக்கும் பிளாப்கள் (திறந்து மூடும் தகட்டுக் கதவுகள்), இன்ஜின் ஆறியிருக்கும்போது காற்றை மறிக்கும். தெர்மோஸ்டாட் என்பது 1, 2 சிலிண்டர்களுக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் பெல்லோஸ், சூட்டில் நீளும் மடிப்பு உலோகக் குப்பி. அது 65 முதல் 70 டிகிரி செல்சியஸில் விரியும். அதோடு இணைந்த கம்பி மேலேறும், ஸ்பிரிங் இழுப்பில் பிளாப் திறக்கும். ஆக, மே மாத மதியம் இந்திரா காந்தி சிக்னலில் நிற்கிற வண்டியில் அவை முழுதாகத் திறந்தேதான் இருக்கின்றன. கழற்றியதால் கூடுதல் குளிர்ச்சி எங்கிருந்து வரும்? திறந்த பிளாப் காற்றைச் சிலிண்டர் ஹெட் பக்கம் திருப்பியும் விடுகிறது. அதனால் எத்தனை டிகிரி குறையும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், இன்ஜினுக்கு இன்ஜின் மாறும். 1960களின் நடுப்பகுதிக்கு முந்தைய இன்ஜின்களில் பிளாப் கிடையாது, ஃபேன் காற்றை இழுக்கும் வாயைத் திறந்து மூடும் ஒரு வளையம்தான். அதைக் கழற்றுகிறவரோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை.

சீக்கிரம் சூடேறும் லாபம் இங்கே ஐரோப்பா அளவுக்கு இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முதலியார்பேட்டையிலிருந்து மார்க்கெட் வரை மட்டுமே ஓடும் வண்டியில், அதுவும் ஐப்பசி, கார்த்திகை மழையில், ஆயில் சரியாகச் சூடேறாமல் உள்ளே கோத்த ஈரம் அப்படியே தங்கும். ஆயில் ஊற்றும் மூடியின் உட்புறம் மோர் நிறத்தில் பிசுக்கு படிந்திருந்தால் அதுதான். இந்த இன்ஜின் கொள்வதே இரண்டரை லிட்டர். ஃபில்டர் கிடையாது, வலை மட்டும்தான். அந்த ஆயிலைக் கெடவிடக் கூடாது.

கழற்றுகிறவர்கள் பக்கம் உள்ள ஒரே வலுவான வாதம் பராமரிப்பு. கடல் காற்று பிளாப்பின் அச்சைத் துருப்பிடிக்க வைக்கும். பெல்லோஸ் பழுதானால் பயமில்லை: கசிந்ததும் தானாக விரிந்துவிடும், பிளாப் திறந்தே நிற்கும். அச்சு பாதி மூடிய நிலையில் இறுகினால்தான் ஆபத்து. வெளியே ஒரு அறிகுறியும் தெரியாது, ஹெட் மட்டும் வெந்துகொண்டிருக்கும்.

அதைக் கண்டுபிடிக்க இன்ஜினை இறக்க வேண்டாம். ஆறிய இன்ஜினில், வண்டிக்கு அடியிலிருந்து பெல்லோஸைப் பிடித்திருக்கும் போல்ட்டைக் கழற்றுங்கள். ஸ்பிரிங் இழுப்பில் கம்பி சட்டென்று மேலேற வேண்டும். மெதுவாக ஊர்ந்தாலோ நடுவில் நின்றாலோ அச்சு பிடித்திருக்கிறது, அல்லது ஸ்பிரிங் போய்விட்டது. கையால் கீழே இழுத்து விட்டுப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போகும்வரை அச்சில் ஊடுருவும் எண்ணெய் விட வேண்டும். கிரீஸ் வேண்டாம், தூசியைப் பிடித்துக் களிமண்ணாகிவிடும். கழற்றிய பெல்லோஸைக் கொதிக்கவிருக்கும் வெந்நீரில் போடுங்கள். விரிந்து குறைந்தது 46 மில்லிமீட்டர் நீளம் வந்தால் நல்லது. ஆறியும் சுருங்காமல் கிடந்தால் ஆயுள் முடிந்தது. திரும்ப மாட்டும்போது, பிளாப் முழுதாகத் திறந்து பெல்லோஸ் விரிந்த நிலையில் அதன் தலை பிராக்கெட்டின் மேல்கையைத் தொட வேண்டும். பிராக்கெட்டைத் தளர்த்தி மேலும் கீழும் நகர்த்தி இதைச் சரிசெய்யலாம். மழைக்கு முன்னால் ஒருமுறை, கோடைக்கு முன்னால் ஒருமுறை பார்த்தால் போதும்.

புது பெல்லோஸ் கிடைக்கவில்லை என்றால் அதை மட்டும் எடுத்துவிடுங்கள், பிளாப்பையும் ஸ்பிரிங்கையும் தொடாதீர்கள். திறந்தபடி நிற்கட்டும்.

உண்மையில் சூடு ஏறுவதற்குப் பிளாப் மேல் பழி போடுமுன், இன்ஜினைச் சுற்றிக் காற்றுக்கு வழிகாட்டும் தகடுகளைப் பார்க்க வேண்டும். இன்ஜின் அறையைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங் கிழிந்திருந்தால், கீழே போன சூடான காற்றையே ஃபேன் திரும்ப இழுக்கும். பிளக் வயரின் ரப்பர் மூடி தகட்டில் சரியாகப் பதிய வேண்டும். சிலிண்டர்களுக்கு அடியில் புஷ்ராட் குழாய்களுக்கு மேலே வரும் சின்னத் தகடுகள், இன்ஜின் பிரித்துக் கட்டும்போது ஒர்க்‌ஷாப் மூலையிலேயே தங்கிவிடுவது சகஜம். அவை இல்லாவிட்டால் காற்று சிலிண்டரின் அடிப்பாகத்தைச் சுற்றிப் போகாமலே விழுந்துவிடும். ஃபேன் பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் 15 மில்லிமீட்டர் அளவு இறங்கலாம். ஹீட்டர் எதற்கென்று, அதற்குக் காற்றைச் சூடாக்கித் தரும் ஹீட் எக்ஸ்சேஞ்சரை எடுத்தவர்கள், ஷ்ரவுடில் அதற்குக் காற்று போகும் இரண்டு ஓட்டைகளையும் மூடி போட்டு அடைத்தார்களா என்று பார்த்துவிடுங்கள்.